மூளை அறுவைக்குப் பிறகு மூச்சுக்கு ஏன் துணை தேவைப்படுகிறது?

“கட்டியை எடுத்தாச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. இன்னைக்கு ராத்திரி மட்டும் வென்டிலேட்டர்ல வெச்சிருப்போம், காலையில பார்த்துட்டு எடுத்துடலாம்.” எட்டு மணி நேரமாக ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்த குடும்பத்தின் காதில் இதில் ஒரே ஒரு சொல்தான் விழுகிறது. வென்டிலேட்டர். நல்லபடியாக முடிந்தது என்பதெல்லாம் அதற்குள் கரைந்துபோகிறது. யாரோ ஒருவர் மூலையில் போய் உட்கார்ந்து அழ ஆரம்பிக்கிறார். சொந்தக்காரர்களுக்குப் போகிற போன் எல்லாம் “மெஷின்ல வெச்சிருக்காங்களாம்” என்றுதான் தொடங்குகிறது.

அந்தப் பயம் ஒன்றுமில்லாததில் இருந்து வரவில்லை. மூளைக்கட்டி அறுவைக்குப் பிறகு நெடுநாள் செயற்கை சுவாசம் தேவைப்பட்டவர்களிடையே இறப்பு அதிகம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு ராத்திரி மட்டும் டியூப், அதாவது வென்டிலேட்டரோடு இணைக்க வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறக்கிய குழாய், இருப்பது ஒரு கதை. எடுத்த டியூபை இரண்டாம் நாள் அவசரமாகத் திரும்பப் போடுவது வேறு கதை. பத்து நாளாகியும் எடுக்க முடியாமல் நிற்பது மூன்றாவது கதை. மூன்றையும் நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம், குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், ஐசியூ வாசலில் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும் தானாக மாறிவிடும் என்பது என் நம்பிக்கை.

முதலில், மூளைக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்த்துவிடலாம்.

நாம் தூங்கும்போதும் மூச்சு நிற்காமல் ஓடுகிறது என்றால் அதற்கான தாளம் முகுளத்தில் உண்டாகிறது. மூளைத்தண்டின் அடியில், தண்டுவடம் தொடங்குகிற இடத்தில் இருக்கிற பகுதி அது. நீளம் சுமார் 3 செ.மீ. தான். அதற்குள்ளும் இந்தத் தாளத்தைப் பிறப்பிக்கிற நரம்பணுக்களின் சிறு கூட்டத்தை 1991-ல் எலிக்குட்டிகளின் மூளைத்தண்டில் அடையாளம் கண்டார்கள். ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் கூடினாலும் மூளைத்தண்டில் இருக்கிற உணரிகள் அதைக் கண்டுபிடித்து, மூச்சை ஆழமாக, வேகமாக இழுக்கச் சொல்கின்றன.

மூளைக்கு அழுத்தம் கூடினால் முதலில் நிற்பது எது, இதயமா மூச்சா? லண்டனில் மூளை அறுவையின் முன்னோடிகளில் ஒருவராக இருந்த விக்டர் ஹார்ஸ்லி 1894-லேயே இதற்குப் பதில் சொன்னார். மூச்சுதான் முதலில் நிற்கிறது, இதயம் அதற்குப் பிறகும் துடித்துக்கொண்டிருக்கிறது, ஆகவே செயற்கையாக மூச்சு கொடுத்தபடி அழுத்தத்தைக் குறைத்தால் ஆளைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்றார். அதே காலகட்டத்தில் பாஸ்டனில் மருத்துவ மாணவராக இருந்த ஹார்வி குஷிங், தன் நண்பர் எர்னஸ்ட் காட்மேனுடன் சேர்ந்து, ஈதர் மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் நாடியையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாளில் குறித்துவைக்கும் பழக்கத்தைத் தொடங்கினார். பிற்பாடு குஷிங்தான் மண்டைக்குள் அழுத்தம் ஏறும்போது ரத்த அழுத்தம் உயர்ந்து, நாடி மெதுவாகி, மூச்சு ஒழுங்கு தவறும் என்பதை விளக்கினார். இன்றைக்கும் ஐசியூ நர்ஸ் ஒருவர் இந்த மூன்றையும் சேர்ந்தாற்போலப் பார்த்தால், யாரையும் கேட்காமல் டாக்டருக்குப் போன் போடுவார்.

இப்போது கரியமில வாயுவுக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளலாம்.

மண்டையோட்டுக்குள் இருக்கிற இடம் சுமார் 1,400 முதல் 1,500 மி.லி. வரைதான். அதில் பெரும்பங்கு மூளை; மிச்சத்தை ரத்தமும் மூளைத் தண்டுவடத் திரவமும் பகிர்ந்துகொள்கின்றன. எலும்புப் பெட்டி விரிந்துகொடுக்காது. ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும். கட்டி எடுத்த இடத்தைச் சுற்றி வீக்கம் இருக்கிற நேரத்தில் அந்தப் பெட்டியில் உதிரி இடம் ஏறக்குறைய தீர்ந்துபோயிருக்கும்.

ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் வழக்கமாக 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். அது 1 மி.மீ. கூடினால் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் சுமார் 3 சதவீதம் கூடுகிறது. மயக்கம் முழுதாகத் தெளியாத நோயாளி ஒருவர் அரைகுறையாக மூச்சு விட்டு, அந்த அளவு 40-லிருந்து 60-க்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். மூளையின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, ஏற்கெனவே நெருக்கடியான பெட்டிக்குள் இன்னும் ரத்தம் வந்து சேருகிறது, அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் நினைவு மங்குகிறது. நினைவு மங்கினால் மூச்சு இன்னும் குறைகிறது. கரியமில வாயு இன்னும் தேங்குகிறது. இந்தச் சுழலை உடைக்கத்தான் பல நேரங்களில் வென்டிலேட்டர்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் நடக்கிறது. நோயாளியின் விரலில் மாட்டியிருக்கிற கிளிப் 98 என்று காட்டும். பக்கத்தில் நிற்கிற மகன் அதைப் பார்த்து ஆறுதல் அடைவான். மாஸ்க் வழியாக ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால், கரியமில வாயு ஏறிக்கொண்டே போனாலும் அந்த எண் கொஞ்ச நேரம் இறங்காது. விரல் கிளிப் ஆக்சிஜனை மட்டும்தான் சொல்லும். கரியமில வாயுவைத் தெரிந்துகொள்ள வெளிமூச்சில் அதை அளக்கிற கருவி வேண்டும், அல்லது தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மணிக்கட்டு ஊசியிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்களே, அது பெரும்பாலும் இதற்காகத்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஒன்று பிறந்ததே இந்த ஏமாற்றத்தைக் கண்டுபிடித்த ஒருவரால்தான். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பிளெக்டம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்த மாற்றத்தை மருத்துவர்கள் வேறு ஏதோ காரத்தன்மைக் கோளாறு என்று நினைத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், இது கரியமில வாயு தேங்குவதால் வருவது, கழுத்தில் துளைபோட்டுக் குழாய் வைத்து, காற்றை உள்ளே தள்ள வேண்டும் என்றார். போதுமான மெஷின் இல்லை. ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், கையால் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய வென்டிலேட்டர் செய்வதும் அந்த மாணவர்களின் கை செய்த அதே வேலையைத்தான்.

சரி, மூளைக்கட்டி அறுவை செய்துகொள்கிற எல்லாரும் வென்டிலேட்டரோடுதான் வெளியே வருகிறார்களா? இல்லை. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்கிற அறுவைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் டேபிளிலேயே டியூபை எடுத்துவிடுகிறார்கள். கடைசித் தையல்கள் விழும்போதே மயக்க மருத்துவர் மருந்தைக் குறைக்க ஆரம்பித்திருப்பார். அந்தச் சில நிமிடங்களில் அவர் கவனம் எல்லாம் நோயாளி பலமாக இருமிவிடக் கூடாது என்பதில்தான். டியூப் உறுத்தி, திமிறி இருமினால் ரத்த அழுத்தமும் மண்டைக்குள் அழுத்தமும் சட்டென்று ஏறும். இப்போதுதான் அடைத்த சிறு ரத்தக்குழாய் ஒன்று மறுபடி கசிய அது போதும். மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்து, தொண்டையில் தேங்கிய எச்சிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, காது அருகே குனிந்து கூப்பிடுவார். “அம்மா, கண்ணைத் திறங்க. நாக்கை நீட்டுங்க. என் கையை அமுக்குங்க பார்ப்போம். இந்தப் பக்கக் கை.” விரல்கள் மெல்ல மடங்கி அவர் கையைப் பிடிக்கும். அந்த அமுக்கலுக்காகத்தான் தியேட்டரில் இருக்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இவ்வளவு சீக்கிரம் எழுப்பக் காரணம் உண்டு. விழித்திருக்கிற மூளையை விடச் சிறந்த கண்காணிப்புக் கருவி இன்னும் வரவில்லை. அறுவைக்குப் பின் மண்டைக்குள் ரத்தம் கட்டுவது அரிது, ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து. 1995-ல் வெளியான ஓர் ஆய்வு 2,305 நோயாளிகளைப் பார்த்தது. அவர்களில் 50 பேருக்கு ரத்தக்கட்டால் நிலை மோசமானது. அதில் 44 பேருக்கு முதல் 6 மணி நேரத்துக்குள். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சு குழறினால் உடனே தெரியும், சிடி ஸ்கேனுக்கு ஓடலாம். மயக்க மருந்து ஓடுகிறவரிடம் அந்த எச்சரிக்கை கிடைக்காது. கண்மணியின் அளவையும், தேவைப்பட்டால் மண்டைக்குள் வைத்த அழுத்தமானியையும், ஸ்கேனையும் நம்ப வேண்டியிருக்கும்.

அப்படியிருந்தும் சிலரை வேண்டுமென்றே தூங்கவைக்கிறார்கள் என்றால் எழுப்புவதில் இருக்கிற ஆபத்து அதைவிடப் பெரியதாகத் தெரிந்திருக்கிறது என்று பொருள். அறுவைக்கு முன்பே நினைவு மங்கியிருந்தவர், நிறைய ரத்தம் போனவர், உடல் குளிர்ந்துபோனவர், மூளை வீங்கித் தள்ளிக்கொண்டு நின்றவர், வலிப்பு வந்தவர் ஆகியோரை அவசரப்பட்டு எழுப்ப மாட்டார்கள். குப்புறப் படுக்கவைத்து, கழுத்தை முன்னால் மடக்கிப் பல மணி நேரம் செய்கிற அறுவைகளில் நாக்கும் தொண்டையும் வீங்கிவிடுவதுண்டு. அப்படிப்பட்டவருக்கு டியூபை எடுப்பதற்கு முன் டியூபைச் சுற்றியிருக்கிற காற்றுப் பையைத் தளர்த்தி, பக்கவாட்டில் காற்று கசிகிற சத்தம் வருகிறதா என்று கேட்பார்கள். சத்தம் வராவிட்டால் வீக்கம் வழியை அடைத்திருக்கலாம், ஒரு நாள் பொறுப்பது நல்லது. வாசலில் டாக்டர் சொன்ன “இன்னைக்கு ராத்திரி மட்டும்” பெரும்பாலும் இந்த வகை. திட்டமிட்ட ஓய்வு. இதைக் கேட்டு அழ வேண்டியதில்லை.

கட்டி இருந்த இடம் கதையை நிறைய மாற்றுகிறது. நெற்றிப் பக்கத்திலோ பக்கவாட்டிலோ இருந்த கட்டி மூச்சைத் தொடுவது சுற்றுவழியில்தான், வீக்கமும் நினைவுக் குறைவும் வந்தால்தான். பின்மண்டையில், சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் பக்கத்தில் இருக்கிற கட்டி அப்படியில்லை. அங்கே மூச்சின் தாளம் பிறக்கிற இடமே எட்டும் தூரத்தில் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. விழுங்குவதற்கும், குரல் நாண்கள் மூடித் திறப்பதற்கும், நாக்கை அசைப்பதற்கும் உரிய 9, 10, 12-ஆம் மூளை நரம்புகள் அந்த வழியாகத்தான் வெளியே வருகின்றன.

மூச்சு விடுவது ஒரு திறமை, மூச்சுக்குழாயைக் காப்பது தனியான இன்னொரு திறமை. பின்மண்டை அறுவை முடிந்த ஒருவர் தெளிவாக விழித்திருக்கலாம், நெஞ்சு நன்றாக ஏறி இறங்கலாம், எழுதிக் காட்டிப் பேசலாம். ஆனாலும் தன் எச்சிலைத் தானே விழுங்க முடியாமல், இருமலுக்கு வலு இல்லாமல் இருக்கலாம். அவருக்கு டியூபை எடுத்தால் எச்சில் நேராக நுரையீரலுக்குள் இறங்கும். “நல்லா முழிச்சுப் பார்க்கிறாரே, ஏன் இன்னும் எடுக்கல?” என்று குடும்பம் கேட்பது நியாயம்தான். பதில் பல நேரம் தொண்டையில் இருக்கிறது.

48 மணி நேரத்தைத் தாண்டினால் ஆபத்தின் முகம் மாறுகிறது. அதுவரை காப்பாற்றிக்கொண்டிருந்த டியூப் இப்போது கிருமிக்கு ஒரு பாதையாகவும் ஆகிறது. காற்றுப் பைக்கு மேலே தேங்கும் எச்சில் துளித்துளியாகப் பக்கவாட்டில் கசிந்து கீழே இறங்கி, வென்டிலேட்டர் நிமோனியா என்று சொல்கிறார்களே, அதைக் கொண்டுவரும். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்திவைப்பது, வாயைச் சுத்தம் செய்துகொண்டே இருப்பது, மயக்க மருந்தைத் தினமும் குறைத்துப் பார்ப்பது எல்லாம் இதற்காகத்தான். உயர்த்திய தலைமாடு மூளையிலிருந்து ரத்தம் வடியவும் உதவுகிறது. மூளை வீக்கத்துக்காகக் கொடுக்கிற டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 1960-களின் தொடக்கத்திலிருந்து எண்ணற்றவர்களைக் காப்பாற்றியிருக்கிறது; ஆனால் நெடுநாள் கொடுத்தால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும், சர்க்கரை ஏறும், தசை வலுவிழக்கும். மூச்சுத் தசையும் தசைதானே.

மெஷினே நுரையீரலைக் காயப்படுத்தக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2000-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 861 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் கிலோவுக்கு 12 மி.லி. காற்றும் மற்றவர்களுக்கு 6 மி.லி.யும் கொடுத்தார்கள். 12 மி.லி. வாங்கியவர்களில் 39.8 சதவீதமாக இருந்த இறப்பு, 6 மி.லி. வாங்கியவர்களில் 31 சதவீதமாக இருந்தது. அந்தக் கிலோவும் எடை மெஷினில் ஏறி நின்று பார்க்கிற கிலோ அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. ஏனென்றால் உடம்பு பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லை. ஐசியூவில் படுத்திருப்பவரின் உயரத்தை டேப் வைத்து அளப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மூளை நோயாளிக்கு இதில் ஒரு இழுபறி உண்டு. நுரையீரலைக் காக்கச் சிறு மூச்சாகக் கொடுத்தால் கரியமில வாயு தேங்கும், மூளைக்கு ஆகாது. கரியமில வாயுவை விரட்ட வேகமாக மூச்சு கொடுத்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிப்போய் ரத்தம் போதாமல் போகும். அதனால் அப்படி விரட்டுவதை அவசரத்துக்குக் கொஞ்ச நேரம் மட்டுமே செய்கிறார்கள். மூளை பாதிக்கப்பட்டவர்களுக்காக ஐரோப்பியத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் 2020-ல் சொன்ன பரிந்துரையும் கரியமில வாயுவை 35 முதல் 45 மி.மீ.-க்குள் வைக்கச் சொல்கிறது.

டியூப் வேண்டாம், மாஸ்க் போதாதா என்று கேட்கலாம். சிலருக்குப் போதும். ஆனால் நினைவு மங்கியவர் மாஸ்க்கை வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தால் அது உள்ளே போய்விடும். மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியின் கட்டியை மூக்கு வழியாக எடுத்தவர்களுக்கோ, அழுத்தமாகக் காற்று தள்ளுகிற மாஸ்க்கை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். அறுவை நடந்த வழியாகவே காற்று மண்டைக்குள் ஏறிவிடும் அபாயம் இருக்கிறது.

இனி, டியூபை எப்போது எடுப்பது என்ற கேள்வி. என்னைக் கேட்டால், உயிர்பிழைப்பைப் பற்றிய பேச்சில் மனிதக் கை இன்னும் எதையாவது மாற்றக்கூடிய இடம் இதுதான். தாமதித்தால் நிமோனியா. அவசரப்பட்டால் திரும்பப் போட வேண்டியிருக்கும். அந்த நிமிடங்களில் ஆக்சிஜன் இறங்கி, கரியமில வாயு ஏறி, மூளை இன்னொரு அடி வாங்கும்.

முன்பெல்லாம் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் 8-க்கு மேல் வந்தால்தான் எடுப்பது என்று பலர் வைத்திருந்தார்கள். 1974-ல் கிளாஸ்கோவில் உருவான அந்த அளவுகோல் 3-லிருந்து 15 வரை நினைவை அளக்கிறது. டியூப் இருப்பவர் பேச முடியாது என்பதால் அதில் ஒரு பகுதி அங்கேயே அடிபட்டுப்போகிறது. 2000-ல் மூளை பாதிப்புள்ள 136 பேரைப் பார்த்த ஓர் ஆய்வு, மூச்சு தயாராக இருந்தும் நினைவு போதவில்லை என்று டியூப் எடுப்பது தள்ளிப்போடப்பட்டவர்களுக்கு நிமோனியா அதிகமாக வந்ததையும், மருத்துவமனையில் இருந்த நாட்கள் கூடியதையும் காட்டியது. நினைவு குறைவாக இருந்தவர்களிலும் பலருக்கு டியூபை எடுத்து நன்றாகவே இருந்தார்கள்.

2017-ல் பிரான்ஸில் வெளிவந்த ஓர் ஆய்வு கொடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது, அவ்வளவு எளிமையாக இருக்கிறது. கண் எதையாவது பின்தொடர்கிறதா, விழுங்க முயல்கிறாரா, வயது 40-க்குக் கீழா, கோமா அளவு 10-க்கு மேலா. இந்த நான்கில் மூன்று இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு டியூப் எடுத்தது நிலைத்தது. கட்டிலின் இந்தப் பக்கம் நின்ற நர்ஸ் மெதுவாக அந்தப் பக்கம் நடக்கிறார். நோயாளியின் பார்வை அவர் முகத்தோடு கூடவே நகர்கிறதா என்று டாக்டர் கால்மாட்டில் நின்று பார்க்கிறார். பெரிய மெஷின் எதுவும் இல்லாத பரிசோதனை. அப்படியும் கணிப்பு தவறும். 18 நாடுகளின் 73 ஐசியூக்களில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், மூளை பாதிப்புள்ளவர்களில் டியூப் எடுத்த ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் 19.4 சதவீதத்தினருக்கு, ஐந்து நாட்களுக்குள் திரும்பப் போட வேண்டி வந்தது. ஆகவே டியூபைத் திரும்பப் போட்டார்கள் என்றதும் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று முடிவுகட்ட முடியாது.

ஆனால் திரும்பப் போட்டதற்கான காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும். தொண்டை வீக்கம் என்றால் பெரும்பாலும் சில நாட்களில் வடியும். சளி அடைப்பு என்றால் சளியை உறிஞ்சி எடுத்துவிடலாம். புதிதாக ரத்தக்கட்டு, மூளை வீக்கம், மூளைத்தண்டில் ரத்தம் ஓடாமல் போனது என்றால் விஷயம் கடுமை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கினால் காலில் உறைந்து நுரையீரலுக்குப் போன ரத்தக்கட்டையும் சந்தேகிக்க வேண்டும். மூளைக்கட்டி உள்ளவர்களுக்குக் காலில் ரத்தம் உறைவது மற்ற அறுவை நோயாளிகளைவிட அதிகம்.

இப்போது, நெடுநாள் செயற்கை சுவாசம் தேவைப்பட்டவர்களிடையே இறப்பு அதிகம் என்று தொடக்கத்தில் சொன்னதற்குத் திரும்புவோம். அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர்கள் கல்லூரியின் தரப் பதிவேடு, அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் நடப்பதை எண்ணுகிறது. அதில் 48 மணி நேரத்துக்கு மேல் வென்டிலேட்டர் என்பதும், திட்டமிடாமல் டியூப் போட்டது என்பதும் தனித்தனிக் கணக்கு. முதல் ராத்திரி வென்டிலேட்டர் அந்தக் கணக்குகளில் வரவே வராது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும்.

மீதிப் பாதிக்கு இன்னொன்று புரிய வேண்டும். குடை பிடித்தவர்கள் நனைந்திருந்தார்கள் என்றால் குடை நனைத்தது என்று சொல்ல மாட்டோம், மழை நனைத்தது. நெடுநாள் வென்டிலேட்டரில் இருந்தவர்களும் அப்படித்தான். பெரிய கட்டி, மோசமான இடம், அவசர அறுவை, வயது, ஏற்கெனவே கெட்டுப்போன நுரையீரல் என்று எத்தனையோ சேர்ந்துதான் அவர்களை அங்கே கொண்டுவந்திருக்கும். இறப்பைக் கூட்டியதில் பெரும்பங்கு அந்தக் காரணங்களுக்கு. மெஷினுக்கும் ஒரு பங்கு உண்டு, நிமோனியாவும் தசை வலுவிழப்பும் உண்மையானவை. எது எவ்வளவு என்று ஒரு தனி நோயாளியிடம் பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால்தான் “வென்டிலேட்டர்ல இருந்தா எத்தனை சதவீதம் பிழைப்பாங்க?” என்ற கேள்விக்கு நேர்மையான டாக்டர் யாரும் ஒரு எண்ணைச் சொல்ல மாட்டார். “எதுக்காக வெச்சிருக்கீங்க? நேத்தைவிட இன்னைக்கு மெஷின் உதவி குறைஞ்சிருக்கா? சொன்னா கேக்கிறாங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்கும்.

உயிர்பிழைப்பு என்று சொல்லும்போது எவ்வளவு காலத்தைச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். மெனிஞ்சியோமா போன்ற பெரும்பாலும் சாதுவான கட்டியை முழுதாக எடுத்தவர், இரண்டு வாரம் வென்டிலேட்டரில் இருந்து மீண்டாலும் அப்புறம் பல்லாண்டுகள் வாழலாம். அவருக்காக அந்த இரண்டு வாரம் விடாமல் போராடுவது முழுக்கச் சரி. கிளியோபிளாஸ்டோமா என்ற கடும் புற்றுக்கட்டி வேறு. 2005-ல் 573 பேரிடம் நடந்த ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் கொடுத்தவர்களின் நடுத்தர ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 12.1 மாதம், டெமோசோலமைடு என்ற மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு 14.6 மாதம். இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்தார்கள். ஆனால் அந்தச் சிகிச்சையைத் தொடங்க, ஆறு வாரம் தினமும் கதிர்வீச்சுக்கு வந்துபோகிற அளவுக்காவது உடம்பு தேறியிருக்க வேண்டும். அறுவை முடிந்து சில வாரங்களில் தொடங்க வேண்டிய சிகிச்சை அது. அந்த வாரங்களை நிமோனியாவிலும் தசை வலுவிழப்பிலும் இழந்தவர், சிகிச்சையையே இழக்க நேரிடலாம். ஐசியூவில் நடந்தது ஆறு மாதம் கழித்து வெளியே தெரியும்.

ஒரு வாரம், பத்து நாள் என்று நீண்டால் கழுத்தில் துளைபோட்டுக் குழாய் வைக்கலாமா என்று கேட்பார்கள். கையெழுத்துப் போடச் சொன்னதும் பலர் நம்பிக்கையே போனதாக எடுத்துக்கொள்கிறார்கள். வாயில் இருக்கிற டியூபைவிட அது நோயாளிக்குச் சுகம். மயக்க மருந்து குறைவாகப் போதும், சளி எடுப்பது எளிது, உட்காரவைக்கலாம், தேறிவந்தால் பேசும் வால்வு பொருத்திக் குரலும் கேட்கலாம். தேவை தீர்ந்ததும் குழாயை எடுத்துவிட்டால் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். சீக்கிரம் போட்டால் அதிகம் பேர் பிழைப்பார்களா என்றால், பக்கவாதத்தால் வென்டிலேட்டரில் இருந்த 382 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில் ஆறு மாத முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே ஒரு நாள் யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்று குடும்பம் கேட்டால் அதில் தப்பில்லை.

இன்னொரு சந்தேகத்தை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. உள்ளே உயிர் இருக்கிறதா, மெஷின்தான் மூச்சு விடுகிறதா? கோமா வேறு, மூளைச்சாவு வேறு. மூளைச்சாவு என்று அறிவிக்கும் முன் செய்கிற சோதனைகளில் ஒன்று, ஆக்சிஜனை மட்டும் கொடுத்துக்கொண்டு வென்டிலேட்டரை நிறுத்திப் பார்ப்பது. கரியமில வாயு 60 மி.மீ. வரை ஏறியும் நெஞ்சு ஒருமுறைகூட அசையாவிட்டால்தான் மூச்சுத் தாளம் அற்றுப்போனதாகக் கொள்வார்கள். மெஷின் நிமிடத்துக்கு 14 மூச்சு கொடுக்கும்போது திரையில் 18 என்று தெரிந்தால், அந்தக் கூடுதல் நான்கு பெரும்பாலும் நோயாளி தானே இழுத்தது. பக்கத்தில் நிற்கும் நர்ஸிடம் கேளுங்கள், எது யாருடைய மூச்சு என்று அவர் திரையில் விரல் வைத்துக் காட்டுவார்.

டியூப் எடுத்த அன்று குடும்பம் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். நாலு நாளாக உலர்ந்துபோன உதடு. கரகரத்த குரலில் “தண்ணி” என்று கேட்கிறார். எந்த மகளுக்கும் மனசு தாங்காது, ஒரு ஸ்பூன் தண்ணீர்தானே என்று தோன்றும். டியூப் இருந்த தொண்டை மரத்துப்போயிருக்கும், விழுங்கும் நரம்பு சோர்ந்திருக்கும், தண்ணீர்தான் இருப்பதிலேயே வேகமாக வழிதவறி நுரையீரலுக்குள் இறங்கக்கூடியது. விழுங்கிப் பார்க்கிற சோதனையை நர்ஸோ விழுங்கல் பயிற்சியாளரோ முதலில் செய்யட்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்து, ஒரு டீஸ்பூன் கொடுப்பார்கள்; இருமல் வருகிறதா, குரல் ஈரமாகக் களகளக்கிறதா என்று கேட்பார்கள். அதுவரை நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடலாம்.